சிப் வைத்த டெம்பரேச்சர் புரோப் தகராறு செய்தால்: அறிகுறிப்படி பழுது நீக்கும் வழி

"கேலிப்ரேஷன் சிப்பிலேயே இருக்கிறதே, அப்புறம் எப்படித் தப்பாகக் காட்டும்?" பழுதான புரோப் மேசைக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. கேலிப்ரேஷன் என்றால் தெரிந்த வெப்பநிலையோடு ஒப்பிட்டு எடுத்த திருத்தம். கனெக்டருக்குள் உட்கார்ந்திருக்கும் சிப்புக்கு, வெப்பத்தை அளக்கும் முனையில் நடப்பது எதுவும் தெரியாது. லேபில் கடைசியாக அளந்த அன்று முனை எப்படி இருந்தது என்று எழுதி வைத்ததை அப்படியே ஒப்பிக்கும், அவ்வளவுதான். அதன் பிறகு புரோப் தரையில் விழுந்திருக்கலாம், ஈரம் குடித்திருக்கலாம், யாராவது கேபிளை வெட்டி ஒட்டியிருக்கலாம். சிப் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் நான்கு கம்பி பிடி100 (0 டிகிரியில் 100 ஓம் காட்டும் பிளாட்டின மின்தடை சென்சார்) புரோப்களுக்கு, அதாவது கனெக்டரில் நினைவகச் சிப் வைத்து, மாட்டியதும் கெழுக்களை (மின்தடையை வெப்பநிலையாக மாற்றும் சூத்திரத்தின் எண்களை) மீட்டருக்குத் தானே கொடுத்துவிடும் வகைக்கு. டிஎஸ்18பி20 போன்ற டிஜிட்டல் சென்சார்களுக்குத் தனிப் பகுதி பின்னால் இருக்கிறது.

## எதையும் தொடும் முன்

மீட்டரில் புரோப் விவரப் பக்கத்தைத் திறந்து, சீரியல் நம்பர், ஆர் ஜீரோ (0 டிகிரியில் உள்ள மின்தடை), ஏ, பி, சி கெழுக்கள், கேலிப்ரேஷன் தேதி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பல மீட்டர்களில் திருத்தும் பட்டனும் அழிக்கும் பட்டனும் ஒரே மெனுவில்தான் இருக்கும். விரல் தவறினால் இந்தப் போட்டோதான் கை கொடுக்கும்.

அடுத்தது ஐஸ் பாத், அதாவது 0 டிகிரியில் நிற்கும் ஐஸ்-தண்ணீர்க் கலவையில் சோதனை. முக்கால்வாசிப் பழுதைக் கண்டுபிடிக்க இது ஒன்றே போதும், ஆனால் பலர் இதைத் தப்பாகச் செய்கிறார்கள். டம்ளர் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியை மிதக்க விட்டால் அது ஐஸ் பாத் ஆகாது. ஐஸ் மேலே மிதக்க, அடியில் 4 டிகிரித் தண்ணீர் தேங்கி நிற்கும். வாலை வடிநீரில் செய்த ஐஸை நன்றாக நொறுக்கி, தெர்மாஸ் பிளாஸ்க்கின் அடி வரை திணித்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் வாலை வடிநீர் ஊற்றுங்கள். ஐஸ் மிதக்கத் தொடங்கினால் தண்ணீர் அதிகம், வடித்துவிடுங்கள். புரோப் பிளாஸ்க்கின் சுவரிலோ அடியிலோ படக்கூடாது. பதினைந்து நிமிடம் பொறுத்துப் பிறகு அளவைக் குறியுங்கள். கனெக்டர் மட்டும் நனையவே கூடாது.

## அறிகுறி 1: புரோப்பை மாட்டினாலும் மீட்டர் கண்டுகொள்வதில்லை

வெப்பநிலையும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. கனெக்டர் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் முதல் காரணம் இதுதான். அரைகுறையாக மாட்டியிருந்தால் சில பின்கள் தொடும், சில தொடாது. கழற்றி, மீட்டரை அணைத்து, மாட்டி, மறுபடி ஆன் செய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அதே மீட்டரில் வேறு புரோப்பை மாட்டுங்கள். அதுவும் வரவில்லை என்றால் பழுது மீட்டரில், இந்தப் புரோப்பை விட்டுவிடலாம்.

வெப்பநிலை வருகிறது, சீரியல் நம்பர் மட்டும் இல்லை. அப்படியானால் சென்சார் கம்பிகள் நலம், சிப்பின் பாதையில்தான் சிக்கல். பின்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சு மெல்லியது, ஒரே தேய்ப்பில் போய்விடும். ஒரு பின் உள்ளே அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த நிலையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிப் படிக்கப்படாவிட்டால் சில மீட்டர்கள் சத்தமில்லாமல் ஐஇசி 60751 என்ற சர்வதேசத் தரத்தின் பொது அட்டவணைக்கு மாறிக்கொள்ளும். திரையில் எண் வந்துகொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்த எண்ணுக்கு உங்கள் சான்றிதழ் பொருந்தாது.

பின்கள் சுத்தம், வேறு புரோப் இதே மீட்டரில் ஓடுகிறது. சிப் செத்திருக்கலாம். வழக்கமான காரணம் சூடு. முனை பல நூறு டிகிரி தாங்கும் என்பதால் கனெக்டரும் தாங்கும் என்று நினைத்து, புரோப்பை முழுதாக ஆட்டோகிளேவில் (நீராவி ஸ்டெரிலைசரில்) போட்டுவிடுகிறார்கள். இந்த நினைவகச் சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 85 டிகிரி, ஸ்டெரிலைசரோ 121 அல்லது 134 டிகிரியில் ஓடுவது. ஒரு முறை போட்டு எடுத்தும் பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

செத்த சிப்பை நீங்களே மாற்றிப் பழைய எண்களை எழுதலாமா? முடியும், எழுதும் மென்பொருளும் கடவுச்சொல்லும் இருந்தால். ஆனால் அவ்வளவு சூட்டைக் கனெக்டர் பார்த்திருக்கிறது என்றால் கைப்பிடிக்குள் ஈரமும் போயிருக்கும். லேபுக்கு அனுப்புவதே மேல்.

## அறிகுறி 2: புரோப் தெரிகிறது, ஆனால் "தரவுப் பிழை" என்கிறது

சிப்பில் எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கும், அல்லது கேபிளைப் பிடுங்கியிருப்பார்கள். பாதி எழுதிய தரவின் செக்சம் (தரவு முழுதாக இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பொருந்தாது. முதலில் இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டுங்கள். ஒரு முறை பிழை, ஒரு முறை சரி என்று மாறினால் அது பின் அழுக்கு, அறிகுறி 1-இல் சொன்னபடி துடையுங்கள். ஒவ்வொரு முறையும் பிழை என்றால் தரவே கெட்டிருக்கிறது. சான்றிதழில் உள்ள எண்களை மறுபடி எழுதி, ஐஸ் பாத்தில் சரிபாருங்கள்.

இன்னொரு சாத்தியம், சிப்பின் எழுத்து வடிவம் இந்த மீட்டருக்குப் புரியாதது. ஐஇஇஇ 1451.4 தரத்தில் வரும் டெட்ஸ் (சென்சார் தன் விவரங்களைத் தானே சொல்லும் மின்னணு அட்டை) வகையை எல்லா மீட்டரும் படிக்காது, சொந்த வடிவம் வைத்திருக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. கனெக்டர் பொருந்துவதால் தரவும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

## அறிகுறி 3: எல்லா வெப்பநிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு தப்பு

என்னிடம் அதிகம் வருவது இதுதான். மலிவான காரணத்திலிருந்து தொடங்குவோம்.

இரட்டைத் திருத்தம். சான்றிதழில் "0.4 டிகிரி அதிகம் காட்டுகிறது" என்று இருக்கும். அந்தத் திருத்தம் ஏற்கெனவே சிப்பில் கெழுக்களாகப் போய்விட்டது. ஆனால் சிப் இல்லாத காலத்துப் பழக்கத்தில் யாரோ மீட்டரிலும் மைனஸ் 0.4 ஆஃப்செட் போட்டிருப்பார்கள். இப்போது அது 0.4 குறைவாகக் காட்டும். அடையாளம் எளிது: பிழையின் அளவு சான்றிதழில் உள்ளதேதான், குறி மட்டும் தலைகீழ். மீட்டரின் சேனல் ஆஃப்செட்டைப் பூஜ்யமாக்குங்கள். புரோப்பில் கை வைக்க வேண்டியதே இல்லை.

பழைய புரோப்பின் எண்கள். சில மீட்டர்கள் சிப்பை ஆன் ஆகும்போது மட்டுமே படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு புரோப்பைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால், புது முனைக்குப் பழைய கெழுக்கள். திரையில் உள்ள சீரியல் நம்பரும் புரோப்பில் பொறித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். வேறு என்றால் மீட்டரை அணைத்து ஆன் செய்யுங்கள்.

கம்பி எண்ணிக்கை. மீட்டரோ இடையில் உள்ள அடாப்டரோ இரண்டு கம்பி முறையில் இருந்தால் கேபிளின் மின்தடையும் கணக்கில் சேரும். பிடி100-இல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம். ஆகவே 1 ஓம் கூடுதலாக நுழைந்தால் 2.6 டிகிரி அதிகமாகக் காட்டும். நான்கு கம்பிக்கு மாற்றுங்கள்.

ஆர் ஜீரோ எண் தப்பாக ஏறியிருக்கிறது. போட்டோவையும் சான்றிதழையும் கடைசி இலக்கம் வரை ஒப்பிடுங்கள். சாதாரண பி துல்லிய வகுப்பு பிடி100-க்கு ஆர் ஜீரோ 99.88-க்கும் 100.12-க்கும் நடுவில் இருக்கும். அதற்கு வெளியே இருந்தால் தட்டச்சுப் பிழையாகவே பாருங்கள். மிக நுணுக்கமான வேலை செய்பவர்களுக்கு ஒரு துணுக்கு: சில சான்றிதழ்கள் 0 டிகிரி மதிப்புக்குப் பதிலாக நீரின் மும்மைப் புள்ளி (பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் நிலை) மதிப்பைக் கொடுக்கும், அது 0.01 டிகிரியில் அளந்தது. அதை ஆர் ஜீரோ கட்டத்தில் போட்டால் 0.01 டிகிரி பிழை வரும். யாருக்கும் தெரியாத அளவுதான், தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் தலைவலி.

இவை எதுவும் இல்லை. ஐஸ் பாத்தில் சான்றிதழ் நாளில் 0.00 காட்டிய புரோப் இப்போது 0.2 காட்டுகிறது என்றால் முனை மாறிவிட்டது. அடிபட்டாலோ அதிர்ந்தாலோ பிளாட்டினக் கம்பி இழுபட்டு, மின்தடை பொதுவாக ஏறத்தான் செய்யும், அளவு மேலே போகும். இதை ஆஃப்செட் போட்டு மறைக்காதீர்கள். ஒரே புள்ளியில் சரி செய்துவிட்டு மற்ற வெப்பநிலைகளை நம்ப முடியாது. லேபுக்கு.

## அறிகுறி 4: பூஜ்யத்தில் சரி, சூடு ஏற ஏறத் தப்பு கூடுகிறது

ஐஸ் பாத் தேறிவிட்டதே என்று புரோப்பை விட்டுவிடுவார்கள், அதனால் இது பல மாதம் ஒளிந்திருக்கும். நம்பிக்கையான இன்னொரு புரோப்பைப் பக்கத்தில் வைத்து 50, 100, முடிந்தால் 200 டிகிரியில் ஒப்பிடுங்கள். பிழை எப்படி வளர்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

100 டிகிரியில் 1.7 அளவுக்குக் குறைவு, அதற்கு மேலும் அதே விகிதத்தில். வளைகோட்டுத் தேர்வு தப்பு. புரோப் 0.00385 வகை (ஒரு டிகிரிக்கு மின்தடை ஏறும் விகிதம்), மீட்டர் 0.003916 வகை என்று நினைக்கிறது. மெனுவில் மாற்றினால் முடிந்தது.

50-இல் 0.7, 100-இல் 2.9, 200-இல் 11 டிகிரி என்று குறைகிறது. வெப்பநிலை இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு. இந்த வடிவத்தைப் பார்த்ததும் நேராகப் பி கெழுவைப் பாருங்கள். அது மைனஸ் 5.775 × 10⁻⁷ அருகில் இருக்க வேண்டும், யாரோ மைனஸ் குறியை விட்டுவிட்டார்கள். முதல் முறை இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. சென்சாரைச் சந்தேகித்து, கேபிளைச் சந்தேகித்து, ஆயில் பாத்தைக்கூடச் சந்தேகித்தேன், ஒரு சின்னக் கோடு விட்டுப்போனதை மட்டும் பார்க்கவில்லை.

பிழைக்கு ஒழுங்கான வடிவமே இல்லை, பூஜ்யத்திலும் கொஞ்சம் இருக்கிறது. அப்படியானால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: எப்போதாவது கனெக்டரை மாற்றினார்களா? கேபிள் அறுந்த புரோப்புக்கு, முனை செத்த இன்னொரு புரோப்பின் கனெக்டரை எடுத்துப் பொருத்துவது நடக்கிற காரியம். கைவேலை அழகாக இருக்கும், செக்சம் பொருந்தும், சீரியல் நம்பரும் தெளிவாக வரும். ஆனால் உள்ளே இருப்பது செத்துப்போன முனையின் ஜாதகம். திரையில் வரும் சீரியல் நம்பரும் உறையில் பொறித்ததும் வேறுபட்டால் விஷயம் உறுதி. உறையில் எண்ணே இல்லாவிட்டால் கைப்பிடியருகே புதுச் சால்டர், வேறு நிற ஸ்லீவ் இருக்கிறதா என்று பாருங்கள். சரியான கனெக்டர் கிடைத்தால் திரும்பப் பொருத்துங்கள். கிடைக்காவிட்டால் புதுக் கேலிப்ரேஷன் தவிர வழியில்லை.

## அறிகுறி 5: ஐஸில் அதிகம், சூட்டில் குறைவு

இரண்டு பக்கமும் அறை வெப்பநிலையை நோக்கி இழுக்கிறது. சிப்பையும் கெழுவையும் விடுங்கள், புரோப்பை ஆழமாக இறக்கவில்லை. உறை வழியாக வெப்பம் ஓடுகிறது. தோராயக் கணக்கு: உறை விட்டத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு, அதோடு உள்ளே சென்சார் இருக்கும் நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் புரோப்பை 3 சென்டிமீட்டர் மட்டும் இறக்கிவிட்டு கேலிப்ரேஷனைக் குறை சொல்லக் கூடாது. இன்னும் 2 சென்டிமீட்டர் இறக்கிப் பாருங்கள். எண் நகர்ந்தால் காரணம் இதுதான்.

## அறிகுறி 6: எண் துள்ளுகிறது, அல்லது மெல்ல மெல்லக் கீழே போகிறது

துள்ளினால் கேபிளை முனையிலிருந்து கனெக்டர் வரை ஒவ்வொரு அங்குலமாக அசைத்துக்கொண்டே திரையைப் பாருங்கள். கைப்பிடியில் கேபிள் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் உடையும். எங்கேயும் அசைவுக்கு ஏற்பத் துள்ளவில்லை என்றால் பக்கத்தில் மோட்டாரோ ஹீட்டர் கன்ட்ரோலோ ஓடுகிறதா என்று பாருங்கள்.

மல்டிமீட்டர் சோதனையும் சுலபம். சென்சார் பின்கள் எவை என்று கையேட்டில் பார்த்துக்கொண்டு, சென்சாரின் ஒரே பக்கத்தோடு சேரும் இரண்டு பின்களுக்கு நடுவே அளந்தால் ஓரிரு ஓம் மட்டுமே வர வேண்டும். எதிரெதிர் பக்கப் பின்களில் 25 டிகிரி அறையில் 109.7 ஓமும் கம்பிகளின் மின்தடையும் சேர்ந்து வரும். முடிவிலி வந்தால் கம்பி அறுந்திருக்கிறது.

கீழே போனால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். இதை மட்டும் மனதில் வையுங்கள்: கெட்ட தொடர்பு மின்தடையைக் கூட்டும், அளவு ஏறும். கசிவு மின்தடையைக் குறைக்கும், அளவு இறங்கும். 100 ஓம் சென்சாருக்கு இணையாக 1,00,000 ஓம் கசிவு வந்தால் ஏறக்குறைய கால் டிகிரி குறைவு. 10 லட்சம் ஓம் என்றால் 0.03-க்கும் கீழே. கெழுக்களால் இதைத் திருத்தவே முடியாது, ஏனென்றால் ஈரம் தினமும் மாறும்.

உறைக்கும் சென்சார் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள், எந்த அளவும் வரக்கூடாது. மெகர் (உயர் மின்னழுத்தம் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) மட்டும் வேண்டவே வேண்டாம். பிடி100-க்கான இன்சுலேஷன் சோதனை 100 வோல்ட் அளவில் நடப்பது, சிப் இருக்கும் கனெக்டர் வழியாக அதைக் கொடுத்தால் சிப் அந்த நொடியே காலி. கசிவு தெரிந்தால் புரோப்பைக் காய வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை, கனெக்டரை வெளியே வைத்துக்கொண்டு. மறுநாள் மறுபடி இறங்கினால் சீல் போய்விட்டது. புது புரோப் வாங்கும் நேரம்.

## அறிகுறி 7: கேலிப்ரேஷன் தேதி முடிந்ததாக எச்சரிக்கை

முதலில் மீட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி போய் அதன் தேதி குழம்பியிருக்கும். கடிகாரம் சரி என்றால் தேதி உண்மையாகவே முடிந்துவிட்டது. தேதியை மட்டும் தள்ளி எழுதிவிடும் யோசனை யாருக்காவது வந்தால், அந்த ஆளிடம் எழுதும் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

## டிஎஸ்18பி20 வகை டிஜிட்டல் சென்சார்கள்

இங்கே தொழிற்சாலைத் திருத்தம் சென்சாருக்குள்ளேயே இருப்பதால் கனெக்டர் மாறும் பிரச்சினை கிடையாது. வேறு வகைத் தகராறுகள் உண்டு.

சரியாக 85 டிகிரி. அது அளவே இல்லை, ஆன் ஆனதும் பதிவில் இருக்கும் தொடக்க மதிப்பு. 12 பிட் அளவீடு முடிய 750 மில்லி நொடி வரை ஆகும், அதற்குள் படித்திருக்கிறீர்கள். காத்திருந்தும் 85 வந்தால் அளக்கும் நேரத்தில் சப்ளை விழுந்து சென்சார் ரீசெட் ஆகிறது.

மைனஸ் 127. சென்சார் பதில் சொல்லவில்லை என்று, அதைப் படிக்கும் நிரல் லைப்ரரி சொல்லும் விதம். டேட்டா கம்பியைச் சப்ளையோடு இணைக்கும் 4.7 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டர் இருக்கிறதா, கம்பி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் எழுதிய ஆஃப்செட், மின்சாரம் போய் வந்ததும் காணவில்லை. அலாரத்துக்கான இரண்டு பைட்டுகளில் சொந்தத் திருத்தத்தை எழுதி வைப்பது பலர் செய்யும் வேலை. அது முதலில் தற்காலிக நினைவகத்துக்குத்தான் போகும். நிரந்தர நினைவகத்துக்கு நகலெடுக்கும் கட்டளையைத் தனியாகக் கொடுத்து, 10 மில்லி நொடி சப்ளை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டேட்டா கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இணைப்பில் இது அடிக்கடி தவறும், மூன்றாவது கம்பியில் தனிச் சப்ளை கொடுங்கள். ஆஃப்செட் காணாமல் போகாமல் வேறு எண்ணாக மாறியிருந்தால், நிரலின் இன்னொரு பகுதி அதே பைட்டுகளை அலாரத்துக்குப் பயன்படுத்துகிறது.

மைனஸ் 10 முதல் 85 டிகிரிக்குள் அரை டிகிரிக்கு மேல் தப்பு. அசல் சென்சார் அந்த வரம்பில் அரை டிகிரிக்குள் நிற்க வேண்டும். சந்தையில் போலிகள் ஏராளம். ஒரே தொகுப்பில் வாங்கியவற்றை ஒன்றாகக் கட்டி ஐஸ் பாத்தில் இறக்குங்கள், ஒன்றுக்கொன்று சிதறினால் தொகுப்பையே ஒதுக்கிவிடுங்கள்.

## லேபுக்கு அனுப்பும்போதும், திரும்பி வந்த பிறகும்

முனை நகர்ந்திருந்தால், கனெக்டர் வரலாறு தெரியாவிட்டால், சிப் செத்திருந்தால், இது கைவிட்டு அனுப்ப வேண்டிய கட்டம். மருந்து, தடுப்பூசிக் கிடங்கு போன்ற இடங்களில் அளந்த புரோப் என்றால் உங்கள் சோதனைகளை ஐஸ் பாத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வந்த நிலையிலேயே எவ்வளவு தப்பு இருந்தது என்று லேப் முதலில் அளக்க வேண்டும், அப்போதுதான் பழைய பதிவுகளில் எவை செல்லும் என்று முடிவெடுக்க முடியும். முடிந்தால் மீட்டரையும் சேர்த்து அனுப்புங்கள். கெழுக்களைச் சிப்பில் எழுதித் தர வேண்டும் என்று ஆர்டரிலேயே குறிப்பிடுங்கள்.

ஏனென்றால் லேபிலிருந்து வந்த பிறகும் அதே பழைய தப்பு என்பதும் ஓர் அறிகுறிதான். எனக்கு ஒரு முறை புதுச் சான்றிதழ் அச்சிட்டு வந்தது, சிப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை. காகிதத்தில் இந்த ஆண்டு, கனெக்டரில் போன ஆண்டு. இரண்டு வாரம் அப்படியே ஓட்டிவிட்டோம். இப்போது பெட்டியைப் பிரித்ததும் புரோப்பை மாட்டி, திரையில் வரும் ஆர் ஜீரோவையும் தேதியையும் புதுக் காகிதத்தோடு ஒப்பிடுகிறேன். தேதி பழையதாக இருந்தால் மீட்டரை ஒரு முறை அணைத்து ஆன் செய்வேன். அப்போதும் பழையதே வந்தால் பெட்டியை அப்படியே ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன்.